சட்டம் படித்த கலகக்காரர்

கலகம் செய்பவர்கள் என்றால் இழப்பதற்கு எதுவும் இல்லாத இளைஞர்கள் என்று ஒரு நினைப்பு நமக்கெல்லாம் உண்டு. ஓவைன் கிளின்டூர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். 1400 செப்டம்பர் 16 அன்று, வேல்ஸின் வடகிழக்கில் டீ ஆற்றங்கரையில் இருக்கும் கிளின்டவர்டுவி என்ற அவருடைய ஊரில், உறவினர்களும் நெருங்கியவர்களும் கூடி அவரை வேல்ஸின் இளவரசர் என்று அறிவித்தார்கள். அங்கே நாட்டை ஆள்பவருக்கே அந்தப் பட்டம். அப்போது அவர் நாற்பதைத் தாண்டியவர். நிலபுலன் இருந்தது. நல்ல வீடு இருந்தது. மனைவி மார்கரெட், டேவிட் ஹன்மர் என்ற பெரிய நீதிபதியின் மகள். வீடு நிறையப் பிள்ளைகள். இங்கிலாந்து அரசரின் படையில் சேர்ந்து ஸ்காட்லாந்து எல்லையில் பணிபுரிந்தவர். லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டரில் சட்டம் பயின்றவர் என்று அந்தக் காலத்து ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

இவ்வளவும் இருந்த மனிதர் எதற்காக எல்லாவற்றையும் பணயம் வைத்தார்? வேலை விஷயமாக வேல்ஸுக்குக் குடிவந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. இங்கே அவர் படம் மதுக்கடைப் பலகையில் இருக்கும், அவருடைய நான்கு சிங்கக் கொடி வீட்டு ஜன்னலில் தொங்கும், செப்டம்பர் 16 வந்தால் பள்ளிக்கூடங்களில் கொண்டாட்டம். எங்கேயும் அவர் வாளும் கையுமாகத்தான் நிற்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது வேறு காரணத்துக்காக. அவர் சண்டை போட்ட விதத்தைவிட, சண்டைக்கு நடுவே உட்கார்ந்து அவர் யோசித்தவைதான் பெரிது என்று நினைக்கிறேன்.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1282 டிசம்பரில் லெவெலின் என்ற வேல்ஸ் இளவரசர் கில்மெரி என்ற இடத்தில் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் அவர் தம்பி தாவித், ஷ்ரூஸ்பரியில் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார். இங்கிலாந்தின் முதலாம் எட்வர்ட் கான்வி, கைநார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் என்று வரிசையாகக் கோட்டை எழுப்பினார். கோட்டையோடு ஒட்டி ஊரும் வந்தது. மதில் சூழ்ந்த அந்த ஊர்களில் ஆங்கிலேயர்களைக் குடியேற்றினார்கள். சந்தை அவர்கள் கையில், வணிக உரிமையும் அவர்கள் கையில். சுற்றுவட்டாரத்து வேல்ஸ்காரன் தன் மாட்டையும் தானியத்தையும் அங்கே கொண்டுபோய்த்தான் விற்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் அவன் மனை வாங்க முடியாது. 'வேல்ஸின் இளவரசர்' என்ற பட்டத்தையும் 1301-இல் எட்வர்ட் தன் மகனுக்கே கொடுத்துவிட்டார். இன்று வரை இங்கிலாந்து அரசரின் மூத்த மகனுக்கு அந்தப் பட்டத்தைத் தருவது அந்த வழியில் வந்த வழக்கம்தான்.

கிளின்டூர் இந்த உலகத்தில் பிறந்தவர். அப்பா வழியில் பழைய பாவிஸ் அரச குடும்பம், அம்மா வழியில் தெற்கே டெஹாய்பார்த் அரச குடும்பம். ரத்தத்தில் அரசர், நடைமுறையில் ஒரு நடுத்தர நிலக்கிழார். ஆங்கிலேயர் உலகத்திலும் வேல்ஸ் உலகத்திலும் ஒரே சமயத்தில் வாழத் தெரிந்தவர். 1386-இல் இரண்டு ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களுக்கு நடுவே 'நீல நிறத்தில் தங்கப் பட்டை' என்ற சின்னம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வழக்கு நடந்தது. அதில் சாட்சி சொன்னவர்களின் வரிசையில் அவர் பெயரும் இருக்கிறது, வயது 27-க்கு மேல் என்ற குறிப்போடு. பிற்காலத்தில் ஓர் அரசையே ஆட்டிவைக்கப்போகிறவர், அன்று யாரோ ஒரு பிரபுவின் கேடயச் சின்னத்துக்காக நீதிமன்றத்தில் நின்று பொறுமையாகச் சாட்சி சொன்னார். இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வழக்கு, சாட்சி, ஆவணம் எல்லாம் அவருக்குப் பழகிய விஷயங்கள்.

அவர் வாழ்ந்த வீடு எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். சிகார்த் என்ற இடத்தில் இருந்த அந்த வீட்டைப் பற்றி யோலோ கோக் என்ற புலவர் ஒரு நீண்ட பாட்டு பாடியிருக்கிறார். குன்றின் உச்சியில் மர மாளிகை, ஓடு வேய்ந்த கூரை, புகை அடைக்காத புகைபோக்கி. சுற்றிலும் அகழி, அதற்கு ஒரு பாலம். மீன் குளம், மாவு ஆலை, கல்லால் கட்டிய புறாக் கூடு, பழத்தோட்டம், திராட்சைத் தோட்டம், மான்கள் மேயும் காடு. அந்த வீட்டில் பூட்டோ தாழ்ப்பாளோ கண்டது அபூர்வம், பசி தாகம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை என்கிறார் புலவர். வீட்டு அம்மாவைப் பெண்களில் சிறந்தவள் என்று புகழ்ந்து, பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகத் தன்னிடம் வருவதையும் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். பரிசில் வாங்கும் புலவர் கொஞ்சம் கூட்டித்தான் பாடுவார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் புறாக் கூட்டையும் புகைபோக்கியையும் எண்ணிக் கணக்குச் சொல்லும் பாட்டு அது. பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

சிகார்த்துக்கு நான் போயிருக்கிறேன். இங்கிலாந்து எல்லையை ஒட்டி, லான்சிலின் என்ற கிராமத்துக்கு அருகே, ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய பாதையின் ஓரத்தில் இருக்கிறது. புல் மூடிய வட்டமான மேடு, அதைச் சுற்றி அகழியின் பள்ளம், பக்கத்தில் குளம் இருந்த தாழ்வான ஈர நிலம். ஆடுகள் மேய்கின்றன. மேலே ஏறி நின்றால் மேட்டின் உச்சி எவ்வளவு சிறியது என்பதுதான் முதலில் உறைக்கிறது. பெரிய கல்யாண வீட்டுப் பந்தல் ஒன்றைப் போட்டால் இடம் தீர்ந்துவிடும். இவ்வளவு சிறிய இடத்திலிருந்து கிளம்பியவர்தான் பிரான்ஸ் அரசரோடு சரிக்குச் சரியாக ஒப்பந்தம் போட்டார்.

சண்டை தொடங்கியது ஒரு நிலத் தகராறில். ரிதின் நகரத்தின் ஆங்கிலேயப் பிரபு ரெஜினால்ட் கிரே, கிளின்டூருக்குச் சொந்தமான நிலத்தை எடுத்துக்கொண்டார். கிளின்டூர் கத்தியை எடுக்கவில்லை. சட்டம் படித்தவர் செய்வதைச் செய்தார். நாடாளுமன்றத்தில் முறையிட்டார். முறையீடு தள்ளுபடி ஆனது. வேல்ஸ்காரர்களைச் சீண்டாதீர்கள் என்று செயின்ட் ஆசஃப் ஆயர் ஜான் டிரெவர் எச்சரித்ததாகவும், வெறுங்கால் பயல்களுக்கெல்லாம் நாங்கள் பயப்படுவோமா என்று பதில் வந்ததாகவும் அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. 1399-இல்தான் நான்காம் ஹென்றி, இரண்டாம் ரிச்சர்டைக் கவிழ்த்துவிட்டு அரியணையில் ஏறியிருந்தார். தான் ஏறிய நாற்காலியே சட்டப்படி தன்னுடையதா என்று சந்தேகத்தில் இருந்த அரசர், தன்னை ஆதரித்த கிரேயைப் பகைத்துக்கொண்டு ஒரு வேல்ஸ்காரருக்கு நியாயம் வழங்குவாரா?

இங்கேதான் என் கேள்விக்குப் பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன். சட்டத்தை அறியாதவனுக்கு நீதி மறுக்கப்பட்டால், விதி என்று நொந்துகொண்டு போகலாம். சட்டத்தை உள்ளே இருந்து பார்த்தவர் அப்படிப் போக முடியாது. இதே வழக்கை ஒரு ஆங்கிலேயர் கொண்டுவந்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

1400-இல் அவர் ரிதினைத் தாக்கினார். அப்புறம் டென்பி, ரடுலன், ஃபிளின்ட், ஆஸ்வெஸ்ட்ரி என்று ஒரு வாரத்துக்குள் வரிசையாக ஆங்கிலேயக் குடியேற்ற ஊர்கள். ஆனால் வெல்ஷ்பூல் அருகே தோற்றார். கூட இருந்தவர்கள் கலைந்தார்கள். பலர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். லண்டனில் ஆட்சியில் இருந்தவர்கள் அத்தோடு விட்டிருந்தால், அடுத்த குளிர்காலத்துக்குள் இது ஒரு நிலக்கிழாரின் கோபம் என்று மறந்தே போயிருக்கும்.

அவர்கள் விடவில்லை. 1401-லும் 1402-லும் இங்கிலாந்து நாடாளுமன்றம் வேல்ஸ்காரர்களுக்கு எதிராகச் சட்டங்கள் போட்டது. அந்தப் பட்டியலைப் படித்தால் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. வேல்ஸ்காரர் இங்கிலாந்திலோ, வேல்ஸில் இருக்கும் ஆங்கிலேய ஊர்களிலோ நிலம் வாங்கக் கூடாது. ஆயுதத்தோடு ஊருக்குள் வரக் கூடாது. முக்கியமான அரசுப் பதவி எதையும் வகிக்கக் கூடாது. அனுமதியின்றிக் கூட்டம் கூடக் கூடாது. வேல்ஸ்காரர் சாட்சியை மட்டும் வைத்து ஆங்கிலேயரைத் தண்டிக்கக் கூடாது. வேல்ஸ் பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆங்கிலேயருக்கும் பதவி கிடையாது. ஊர் ஊராகப் போய்ப் பாடும் புலவர்களும் பாணர்களும் நாட்டில் நடமாடக் கூடாது. புலவரைக் கண்டு ஓர் அரசு பயப்படுகிறது என்றால், அந்தப் பாட்டுகள் எந்த அளவுக்கு வேலை செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய அரசர்களின் கதையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்கள்தானே.

ஒரு கிளர்ச்சியை அடக்கப் போட்ட சட்டம், ஓர் இனத்தையே கிளர்ச்சிக்காரர்கள் ஆக்கியது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துக்கொண்டிருந்த வேல்ஸ் மாணவர்கள் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்கள், இங்கிலாந்து வயல்களில் கூலிவேலை செய்தவர்கள் வில்லும் அம்பும் வாங்கிக்கொண்டு திரும்பிப்போகிறார்கள் என்று 1401 நாடாளுமன்றத்தில் புகார் எழுந்தது. சட்டம் படித்தவரின் தனிப்பட்ட வழக்கு, நாட்டின் வழக்காக மாறியது இப்படித்தான்.

1401 ஏப்ரல் 1, பெரிய வெள்ளிக்கிழமை. கான்வி கோட்டையின் காவலர்கள் தேவாலயத்துக்குப் போயிருந்த நேரம், கிளின்டூரின் ஒன்றுவிட்ட சகோதரர்களான ரீஸ், குவிலிம் இருவரும் கொஞ்சம் ஆட்களோடு உள்ளே புகுந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். தச்சு வேலைக்கு வந்தவர் போல நடித்து ஒருவர் வாயில் காவலர்களை ஏமாற்றினாராம். அதே வருடக் கோடையில் பும்லுமன் மலைப் பகுதியில் ஹித்கன் என்ற இடத்தில் கிளின்டூர் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையை முறியடித்தார்.

அரசர் ஹென்றி கோபத்தில் படையோடு வந்தார். ஸ்டிராட்டா ஃபுளோரிடா மடத்தைப் படைவீரர்கள் சூறையாடினார்கள். பலிபீடம் வரைக்கும் குதிரைகளைக் கட்டினார்கள் என்று ஆடம் ஆஃப் அஸ்க் என்ற பாதிரியார் எழுதுகிறார். கயோ என்ற ஊரைச் சேர்ந்த லெவெலின் ஆப் கிரிஃபித் விக்கான் என்ற வயதான நிலக்கிழார், கிளின்டூர் இருக்கும் இடத்தைக் காட்டுகிறேன் என்று அரசரின் படையை அழைத்துக்கொண்டு வேறெங்கோ அலையவிட்டதாகச் சொல்வார்கள். அவருடைய இரண்டு பிள்ளைகள் கிளின்டூர் படையில் இருந்தார்கள். 1401 அக்டோபரில் லாண்டவரி ஊர் நடுவே, அரசரும் அவர் மகனும் பார்க்க, அவரைக் கொடூரமாகக் கொன்றார்கள். அந்த ஊரில் இன்று அவருக்குத் துருப்பிடிக்காத எஃகில் உயரமான சிலை இருக்கிறது. தலைக்கவசம், மேலங்கி, கேடயம், ஈட்டி எல்லாம் இருக்கும், உள்ளே முகம் இருக்காது. வெறுமை. பார்த்துவிட்டு நகர மனம் வரவில்லை.

1402-இல் கிளின்டூர் கிரேயையே சிறைபிடித்தார். ஹென்றி பத்தாயிரம் மார்க் பணயத்துக்கு ஒத்துக்கொண்டு அவரை மீட்டார். ஜூன் 22 அன்று பிரின் கிளாஸ் மலைச்சரிவில் இன்னொரு பெரிய வெற்றி. ஆங்கிலேயப் படையில் இருந்த வேல்ஸ் வில்லாளிகள் நடுவிலேயே பக்கம் மாறினார்கள் என்கிறார்கள். எட்மண்ட் மார்ட்டிமர் என்ற பெரிய பிரபு பிடிபட்டார். கிரேக்காகப் பணம் கொடுத்த அரசர் மார்ட்டிமருக்குக் கொடுக்க மறுத்தார். காரணம், மார்ட்டிமரின் அண்ணன் மகனுக்கு அரியணையில் ஹென்றியைவிட அதிக உரிமை இருந்தது. மார்ட்டிமர் சிறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்த வருடமே கிளின்டூரின் மகள் கட்ரினைக் கல்யாணம் செய்துகொண்டு மாமனார் பக்கம் வந்துவிட்டார்.

அந்த செப்டம்பரில் ஹென்றி மூன்று படைகளோடு வேல்ஸுக்குள் நுழைந்தபோது பேய்மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் சரிந்து அவர் மேலேயே விழுந்தது. கவசத்தோடு படுத்திருந்ததால் பிழைத்தார். அன்றிலிருந்து கிளின்டூர் ஒரு மந்திரவாதி, மழையை ஏவிவிடுகிறார் என்று ஆங்கிலேயர்கள் நடுவே பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சைத்தான் 200 வருடம் கழித்து ஷேக்ஸ்பியர் எடுத்து மேடையில் ஏற்றினார். ஆழத்திலிருந்து ஆவிகளை அழைப்பேன் என்று பெருமையடிக்கும் பாத்திரமாக உலகத்தின் பெரும்பகுதிக்குக் கிளின்டூர் அறிமுகமானது அப்படித்தான். இது எனக்கு வருத்தமான விஷயம். வேல்ஸ் மலையில் செப்டம்பர் மாதம் மழை பெய்ய மந்திரம் எதுவும் தேவையில்லை. இங்கே ஒரு வருடம் குடியிருந்தாலே போதும், தெரிந்துவிடும். ஒரு வழக்கறிஞரை மந்திரவாதி ஆக்கிவிட்டால், அவர் எழுப்பிய வழக்குக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

சிகார்த் எரிந்தது 1403 மே மாதம். எரித்தவர் அரசரின் மூத்த மகன், பின்னாளில் அஜின்கோர்ட் வெற்றியால் பெயர்பெற்ற ஐந்தாம் ஹென்றி. அப்போது பதினாறு பதினேழு வயதுப் பையன். 'வேல்ஸின் இளவரசர்' என்ற பட்டம் அவனிடமும் இருந்தது. அவன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிளின்டூரின் பெரிய வீட்டுக்குப் போனோம், அங்கே யாரும் இல்லை, வீட்டையும் சுற்றியிருந்த குடியானவர்களின் வீடுகளையும் எரித்தோம், பிறகு இன்னொரு வீட்டுக்குப் போய் அதையும் எரித்தோம் என்று அறிக்கை கொடுப்பது போல எழுதுகிறான். அந்த வட்டாரத்துப் பெரிய மனிதர் ஒருவர் பிடிபட்டார், உயிருக்கு 500 பவுண்டு தருவதாகச் சொன்னார், ஏற்கவில்லை, கொன்றோம் என்றும் அதிலேயே ஒரு வரி. யோலோ கோக் பாடிய புறாக் கூடும் புகைபோக்கியும் போயின. 1960-களில் அந்த மேட்டைத் தோண்டியவர்கள் மர மாளிகையின் எரிந்த தடயங்களைக் கண்டார்கள்.

வீடு போன மறு வருடம்தான் கிளின்டூரின் உச்சம். 1404-இல் அபெரிஸ்ட்வித், ஹார்லெக் கோட்டைகள் அவர் கைக்கு வந்தன. குடும்பத்தை ஹார்லெக்கில் வைத்தார். மஹன்லெத் என்ற ஊரில் நாடாளுமன்றம் கூட்டினார். அடுத்த வருடம் ஹார்லெக்கில் இன்னொன்று. நாட்டின் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் நான்கு பேரை வரச்சொல்லி அழைப்பு போனது. தன் கல்வெட்டுக்கும் புகழுக்கும் அலைந்தவர் செய்யும் காரியமில்லை இது. கிரிஃபித் யங் என்ற சட்டம் தெரிந்த பாதிரியாரைத் தன் தலைமைச் செயலர் ஆக்கினார். அவரையும் தன் மைத்துனர் ஜான் ஹன்மரையும் பாரிஸுக்குத் தூது அனுப்பினார். 'கடவுளின் அருளால் வேல்ஸின் இளவரசர் ஓவைன், நம் ஆட்சியின் நான்காம் ஆண்டு' என்று அந்தத் தூதுக்காக எழுதிய ஆவணத்தில் இருக்கிறது. ஆட்சியாண்டை 1400 செப்டம்பர் 16-லிருந்து எண்ணுகிறார். தோற்று ஒளிந்திருந்த மாதங்களையும் சேர்த்து. ஜூலை 14 அன்று பிரான்ஸோடு ஒப்பந்தம் கையெழுத்தானது.

1405-இல் பிரெஞ்சுப் படை மில்ஃபோர்ட் ஹேவனில் வந்து இறங்கியது. கிளின்டூரோடு சேர்ந்து இங்கிலாந்துக்குள் வூஸ்டர் பக்கம் வரை போனது. பெரிய சண்டை எதுவும் நடக்காமலே திரும்பியது. அதற்கு முன்பே, அந்த வசந்தத்தில், அஸ்க் நகரத்துக்கு அருகே பெரிய தோல்வி. தம்பி டீடிர் இறந்தார். மூத்த மகன் கிரிஃபித் பிடிபட்டு லண்டன் கோபுரத்துக்குப் போனார், அங்கேயே நோயில் இறந்தார். சிறைபிடித்தவர்களில் 300 பேரை அஸ்க் கோட்டைக்கு முன்னால் தலை வெட்டியதாக ஆடம் எழுதுகிறார். அஸ்க்தான் ஆடமின் சொந்த ஊர்.

ஆக, 1406 மார்ச் மாதம் கிளின்டூரின் நிலைமை இது: தம்பி இல்லை, மகன் சிறையில், பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், தெற்கே ஒவ்வொரு பகுதியாக ஆங்கிலேயர்களிடம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் அவர் மஹன்லெத் பக்கத்தில் இருக்கும் பென்னல் என்ற சின்ன கிராமத்தில் தன் பாதிரியார்களையும் ஆலோசகர்களையும் கூட்டி, மார்ச் 31 தேதியிட்டு பிரான்ஸின் ஆறாம் சார்லஸுக்கு லத்தீனில் ஒரு கடிதம் எழுதுகிறார்.

அப்போது கிறித்தவ உலகத்துக்கு இரண்டு போப்புகள். ரோமில் ஒருவர், அவின்யோனில் ஒருவர். இங்கிலாந்து ரோம் பக்கம், பிரான்ஸ் அவின்யோன் பக்கம். வேல்ஸும் அவின்யோன் போப் பதின்மூன்றாம் பெனடிக்ட் பக்கம் வரும் என்கிறார் கிளின்டூர். பதிலுக்கு என்ன கேட்கிறார் என்பதுதான் விஷயம். படை கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. செயின்ட் டேவிட்ஸ் தேவாலயத்தை, இங்கிலாந்தின் தலைமைப் பேராயர் பீடமான கேன்டர்பரியின் கீழிருந்து விடுவித்து, வேல்ஸின் தலைமைப் பேராயர் பீடம் ஆக்க வேண்டும். வேல்ஸின் தேவாலயங்களில் நம் மொழி தெரிந்தவர்களையே நியமிக்க வேண்டும். வேல்ஸ் தேவாலயங்களின் வருமானம் இங்கிலாந்து மடங்களுக்குப் போவதை நிறுத்த வேண்டும். பிறகு, வேல்ஸுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே.

இரண்டு பல்கலைக்கழகங்கள்! அன்றைக்கு இங்கிலாந்திலேயே இரண்டுதான். ஸ்காட்லாந்தில் ஒன்றுகூடத் தொடங்கவில்லை. இவர் ஆள்வதோ இரண்டு லட்சம் பேர் மட்டுமே இருக்கக்கூடிய மலைநாடு, அதிலும் பாதி கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டை விட்டுவிட்டு வந்து தன்னோடு சேர்ந்த மாணவர்களை அவர் பார்த்திருக்கிறார். தன்னைப் போலச் சட்டம் படிக்க வேண்டுமென்றால் ஒரு வேல்ஸ் பையன் இங்கிலாந்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். எழுத்தரும் அதிகாரியும் நீதிபதியும் இல்லாமல் அரசு நடக்காது, அவர்கள் சொந்த மண்ணில் உருவாக வேண்டும். தெற்கையும் வடக்கையும் பிரித்துக் கேட்டதில்கூட அனுபவம் தெரிகிறது. குறுக்கே மலை. ஒரு பக்கத்துக்கு மட்டும் கொடுத்தால் மறுபக்கம் மனம் கோணும். கிளின்டூரைப் பற்றி எனக்கு இருக்கும் மரியாதை முழுவதும் இந்தக் கடிதத்தில்தான் இருக்கிறது. ஹித்கனையும் பிரின் கிளாஸையும் வேறு ஒரு தளபதி ஜெயித்திருக்கலாம். இதை எழுதியிருக்க முடியாது.

அபெரிஸ்ட்விதில் பல்கலைக்கழகக் கல்லூரி 1872-இல் வந்தது. ஏழை எளியவர்கள் தேவாலயங்களில் கொடுத்த சில்லறைகளும் அதைத் தாங்கி நிறுத்தின. வேல்ஸ் திருச்சபைக்குச் சொந்தப் பேராயர் கிடைத்தது 1920-இல். சொந்த அவை கூடியது 1999-இல். எதுவும் கிளின்டூர் அரசின் தொடர்ச்சி என்று நான் சொல்லவில்லை. நடுவில் வேறு எத்தனையோ காரணங்கள், வேறு எத்தனையோ மனிதர்கள். ஆனால் ஒரு நாட்டுக்கு என்னவெல்லாம் தேவை என்று 1406-இல் அவர் எழுதிய பட்டியல் சரியான பட்டியல்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் முற்றுகை. 1407-இல் பிரான்ஸில் அரசரின் தம்பி ஆர்லியன்ஸ் கோமகன் கொலையானார். பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அங்கிருந்து இனி எதுவும் வராது என்று ஆனது. 1408 செப்டம்பரில் அபெரிஸ்ட்வித் விழுந்தது. 1409 தொடக்கத்தில் ஹார்லெக். உள்ளே பட்டினி. மார்ட்டிமர் முற்றுகையின்போதே இறந்துபோனார். மார்கரெட்டும், மகள்களும், கட்ரினின் சின்னப் பிள்ளைகளும் பிடிபட்டு லண்டன் கோபுரத்துக்குப் போனார்கள். கிளின்டூர் மட்டும் தப்பினார்.

ஹார்லெக் கோட்டையில் 1923-இல் ஒரு சிறிய வெண்கலப் பொருள் கிடைத்தது. குதிரைச் சேணத்தில் பதிக்கும் சின்னம், தங்கமுலாம் பூசியது, அதில் கிளின்டூரின் நான்கு சிங்கங்கள். அவர் வீட்டிலிருந்து நமக்குக் கிடைத்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

கட்ரினைப் பற்றி ஓர் அரசுக் கணக்குப் புத்தகத்தில் வரி இருக்கிறது. 1413 டிசம்பர் மாதக் குறிப்பு: எட்மண்ட் மார்ட்டிமரின் மனைவியையும் அவருடைய மகள்களையும் லண்டன் செயின்ட் சுவிதின் தேவாலயத்தில் அடக்கம் செய்த செலவு, ஒரு பவுண்டு. எப்படி இறந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தேவாலயமும் இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் சேதமாகிப் பின்னர் இடிக்கப்பட்டது. கேனன் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்துக்கு எதிரே, அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே அது இருந்த இடம் இப்போது ஒரு சின்னத் தோட்டம். 2001-இல் அங்கே கட்ரினுக்காக வேல்ஸ் கல்லில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். போரில் துன்பப்பட்ட எல்லாப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் என்று அதை அர்ப்பணித்திருக்கிறார்கள். மதிய நேரத்தில் பக்கத்து அலுவலகங்களிலிருந்து வந்து அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். லண்டன் போகும் தமிழ் நண்பர்களிடம் கோபுரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்து இங்கேயும் போங்கள் என்று நான் சொல்வதுண்டு. நடக்கும் தூரம்தான்.

கிளின்டூரை யாரும் கடைசி வரை காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்தாம் ஹென்றி 1415-இல் மன்னிப்பு வழங்கத் தயாராக இருந்தார், பதில் வரவில்லை. வேல்ஸ் மொழி ஆண்டுக்குறிப்பு ஒன்றில், 1415-ஆம் ஆண்டு செயின்ட் மேத்யூ திருநாளில் ஓவைன் மறைந்துபோனார், அதன் பிறகு அவர் இருந்த இடம் தெரியவில்லை, இறந்துவிட்டார் என்று பலர் சொல்கிறார்கள், இல்லை என்று குறி சொல்பவர்கள் சொல்கிறார்கள் என்று இருக்கிறது. அவருடைய மகள் ஆலிஸ், ஹெரஃபர்ட்ஷயரில் ஜான் ஸ்கூடமோர் என்ற ஆங்கிலேய அதிகாரியை மணந்திருந்தார். கடைசிக் காலத்தை மகள் வீட்டில்தான் கழித்தார் என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. வீடு எரிந்து, மனைவி சிறையில் இருக்கும் அறுபது வயது நெருங்கிய மனிதர் வேறு எங்கே போவார்? அந்தக் கல்யாணத்தைக் காரணம் காட்டி ஸ்கூடமோரின் பதவியை 1433-இல் பறித்தார்கள். பழைய சட்டம் அவ்வளவு காலம் கழித்தும் பல்லோடு இருந்தது. அது முழுமையாக ரத்தானது 1624-இல். கிளின்டூரின் இன்னொரு மகன் மரேடித், அப்பாவுக்குக் கொடுத்த மன்னிப்பைத் தானும் நீண்ட நாள் வாங்காமல் இருந்து, 1421-இல் வாங்கிக்கொண்டார்.

கான்வி கோட்டையைப் பிடித்த அந்த ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு மரேடித் என்று இன்னொரு சகோதரர் இருந்தார். அவருடைய மகன் ஓவைன் டியூடர் மணந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சிகார்த்தை எரித்த ஐந்தாம் ஹென்றியின் விதவையை. அவர்களுடைய பேரன்தான் 1485-இல் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி ஆனார். ரத்தம் வென்றது என்று இதைக் கொண்டாடுபவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. டியூடர் அரசர்கள் லண்டனில் உட்கார்ந்து ஆண்டார்கள். வேல்ஸை இங்கிலாந்தோடு முழுமையாக இணைத்து, நீதிமன்ற மொழி ஆங்கிலம் மட்டுமே என்று 1536-இல் சட்டம் போட்டது அந்தப் பரம்பரையில் வந்த எட்டாம் ஹென்றிதான். கிளின்டூர் கேட்டது அரியணையில் ஒரு வேல்ஸ் ரத்தத்தை அல்ல.

பென்னல் கடிதம் பாரிஸில், பிரான்ஸின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கூடவே கிளின்டூரின் பெரிய முத்திரையும். முத்திரையின் ஒரு பக்கம் விதானத்தின் கீழ் செங்கோலோடு அமர்ந்திருக்கிறார், மறுபக்கம் குதிரை மேல். 2000-இல் ஒரு முறை அபெரிஸ்ட்விதில் இருக்கும் தேசிய நூலகத்துக்குக் காட்சிக்காக வந்துபோனது. அதை நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள் என்று இங்கே அவ்வப்போது குரல் எழும். பிரெஞ்சு அரசருக்கு அனுப்பிய கடிதம், பிரெஞ்சு அரசுக்குத்தான் சொந்தம். திருடிப்போன பொருள் அல்ல. சட்டம் படித்த கிளின்டூரே அதை மறுக்கமாட்டார். ஆனால் நீண்ட காலக் கடனாகக் கொடுக்க எந்தச் சட்டமும் தடையில்லை. பென்னலும் மஹன்லெத்தும் அபெரிஸ்ட்விதும் ஒரே மதியத்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. அந்த நூலகத்துக்குப் பக்கத்துக் குன்றிலேயே பல்கலைக்கழக வளாகம். அங்கே படிக்கும் பிள்ளைகள் வகுப்பு முடிந்து நடந்தே வந்து, தங்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1406-இல் ஒருவர் எழுதிக் கேட்டதை நேரில் பார்க்க வேண்டும்.